உறைக்குள் நாற்பத்தொரு விநாடி

ஜனவரி 13, செவ்வாய்

இன்று காலை எங்கள் ஸ்ட்ரால்சுண்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் மின்தூக்கிக்கு எதிரே என் வரைபடத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து மாட்டியிருந்தார்கள். நீலக் கோடு என் கணக்கு. சிவப்புப் புள்ளிகள் சோதனைப் பக்கத்து ஹைக்கோ அளந்தவை. இரண்டுக்கும் எட்டு சதவீதம்தான் வித்தியாசம். அடியில் 'கோட்பாடும் சோதனையும் கைகோக்கும் இடம்' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். யாரோ என்ன, இயக்குநர் ராட்கேதான். இந்தக் கட்டடத்தில் யாரையும் கைகோக்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு மட்டுமே உண்டு.

மதியம் மறுஆய்வுக் குழுவின் படிவம் வந்தது. கேள்வி நான்கு: 'உங்கள் வேலையை அண்டை வீட்டாருக்குப் புரியும்படி சுருக்கமாக விளக்குக.' என் அண்டை வீட்டார் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். இதுவரை எதிரே இருப்பவர் பேச அவர் வாய்ப்புக் கொடுத்ததில்லை. இருந்தாலும் எழுதினேன்:

'எங்கள் கூடத்தில் வளைய வடிவில் ஒரு எஃகுக் கலம் இருக்கிறது. அதற்குள், காந்தங்களின் பிடியில், பத்துக் கோடி டிகிரிச் சூட்டில் ஹைட்ரஜன் மிதக்கிறது. சூரியனில் எரிவது இங்கேயும் எரிய வேண்டும் என்பது நோக்கம். கலத்தின் அடியில் டங்ஸ்டன் தட்டுகள் உண்டு. நெருப்பின் ஓரம் அவற்றை உரசும்போது டங்ஸ்டன் அணுக்கள் தெறிக்கின்றன. லட்சம் ஹைட்ரஜனுக்குச் சில வீதம் அவை நடுவுக்குப் போய்ச் சேர்ந்தாலும் நெருப்பு மங்கி அணைந்துவிடும். அவை எங்கே போகின்றன என்று நான் கணினியில் பின்தொடர்கிறேன்.'

இருபத்திரண்டு வருடம் இதற்குள் அடங்கிவிட்டது. கொஞ்சம் இடம் மிச்சமும் இருந்தது.

கேள்வி ஐந்து: 'உங்கள் கணக்கு சோதனைக்கு முன்பே சொல்லி, பிறகு சரியானதற்கு மூன்று எடுத்துக்காட்டுகள் தருக.'

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நிரலில் ஒரு குமிழ் இருக்கிறது. 'கசிவுக் கெழு' என்று கௌரவமான பெயர். சோதனை முடிந்ததும் ஹைக்கோவின் புள்ளிகளை வாங்கி, கோடு அவற்றின் மேல் போகும்வரை குமிழைத் திருகுவோம். பிறகு கட்டுரையில் 'சிறந்த ஒத்திசைவு' என்று எழுதுவோம். உலகம் முழுக்க என் துறையில் இப்படித்தான். வரலாற்றாசிரியர்களும் இதையே செய்கிறார்கள். ஆனால் அவர்களை யாரும் வாட்டர்லூ போரில் யார் ஜெயிப்பார் என்று கேட்பதில்லை.

இந்த வருடம் எங்களைக் கேட்கிறார்கள். மே மாதம் கலத்தின் நெருப்பை அறுபது விநாடி அணையாமல் வைத்திருக்கப் பார்க்கும் ஓட்டம் ஒன்று நடக்கும். அதில் என்ன ஆகும் என்பதை பிப்ரவரி 20க்குள் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். உறை பொய்த்தால் கணினி மாதிரிகள் செய்யும் எங்கள் மாதிரிக் குழு ஆண்டு முடிவில் கலைக்கப்படும். குழு என்றால் நானும் இன்னும் மூவரும்.

ஜனவரி 15, வியாழன்

கேள்வி ஐந்தைக் காலியாக விட்டேன். படிவம் அதற்கு அனுமதிக்கவில்லை. ஒரு புள்ளி வைத்தேன். ஏற்றுக்கொண்டது.

ஜனவரி 22, வியாழன்

ஒரு கழித்தல் குறி.

இரண்டு வருடத்துக்கு முன் குண்டம்மாவின் காந்தப் புலத்தைத் திசை திருப்பினார்கள். (கலத்துக்கு இயந்திரக் கூடத்து ஆட்கள் வைத்த பெயர் குண்டம்மா. அதிகாரபூர்வப் பெயரை வெளியாட்கள் மட்டும் சொல்வார்கள்.) புலம் திரும்பினால், ஓரத்தில் மிதக்கும் அணுக்கள் பக்கவாட்டில் நகரும் திசையும் திரும்பும். அதற்காக அப்போதே என் நிரலில் ஒரு கழித்தல் குறி போட்டேன். இன்று வேறு எதையோ தேடப்போய், அடுத்த அறை லூபெர்ட் தயாரித்துக் கொடுக்கும் காந்த வரைபடக் கோப்பைத் திறந்தேன். அதிலும் ஒரு கழித்தல் குறி இருந்தது.

இரண்டு கழித்தல் சேர்ந்தால் கூட்டல் என்று பத்து வயதில் படித்தேன். நல்ல மதிப்பெண்.

ஆக, இரண்டு வருடமாக என் கணினிக்குள் டங்ஸ்டன் தப்பான பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. உண்மையில் தட்டிலிருந்து விலக வேண்டிய அணுக்களை நான் தட்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் வந்ததுதான் அந்த எட்டு சதவீதம்.

ஜனவரி 23, வெள்ளி

லூபெர்ட்டிடம் போய்க் கேட்டேன். மனிதர் பதறவில்லை.

"நீங்க மாத்தணும்னு தெரியும். உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே மாத்தி வச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"சொன்னேனே. மெயில்ல மூணாவது இணைப்பு, பதினாலாம் பக்கம், அடிக்குறிப்பு."

"அடிக்குறிப்பை யாரு படிப்பா, லூபெர்ட்?"

"எழுதறது என் வேலை. படிக்கிறவங்களைப் பத்தி எனக்கு எப்படித் தெரியும்?"

கதவருகே இருவர் ஒரே நேரத்தில் ஒதுங்கி, ஒருவருக்கொருவர் வழிவிட்டு, கடைசியில் யாருமே உள்ளே போகாததுபோல் இருக்கிறது. தவறுகளிலேயே மரியாதையான தவறு இதுதான்.

ஜனவரி 27, செவ்வாய்

ஒரு குறியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். நான்கு நாள் எடுத்தது. காலையில் படம் வந்தது.

இதை எப்படி எழுதுவது? பத்து லட்சம் பொய் அணுக்கள் தட்டிலிருந்து கிளம்புகின்றன. முக்கால்வாசிக்கு மேல் ஒரு மயிரிழை உயரம்கூடப் போகாமல் மின்னேற்றம் பெற்று, காந்தக் கோட்டைச் சுற்றி ஒரே ஒரு வட்டமடித்துத் தட்டிலேயே விழுகின்றன. கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே. நெருப்பு தான் பெயர்த்ததைத் தானே திரும்பப் பூசுகிறது. இது எனக்குப் புதிதல்ல. புதிது மிச்சத்தில் இருந்தது. தட்டை நோக்கி ஓடும் ஹைட்ரஜன் வெள்ளம் அவற்றைக் கீழே இழுத்துக்கொண்டு போகும் என்றுதான் இரண்டு வருடம் நம்பினேன். இப்போது பார்த்தால் அவை பக்கவாட்டில் நழுவி, வெள்ளத்தின் ஓரத்துக்கு வந்து, அங்கே கொஞ்சம் தயங்கி — தயங்குவதாகத்தான் எனக்குத் தெரிகிறது — பிறகு மேலே ஏறுகின்றன. சூடு கூடக் கூட இன்னும் வேகமாக. எந்தப் பொருளும் சூட்டைக் கண்டு விலகும். இவை சூட்டைத் தேடிப் போகின்றன. சமன்பாடு தெரியும், மாணவர்களுக்குப் பாடமும் எடுத்திருக்கிறேன். ஆனால் அத்தனையும் வரிசையாக ஏறுவதை இன்றுதான் கண்ணால் பார்த்தேன். சமன்பாட்டை எழுதிய கைக்குக்கூட அது இவ்வளவு அழகாக இருக்கும் என்று தெரிந்திருக்காது.

இனி அசிங்கமான பகுதி. புதுக் கோடு ஹைக்கோவின் புள்ளிகளுக்கு இரண்டு மடங்கு மேலே போகிறது. குமிழைத் திருகினால் அரை மணியில் இறக்கிவிடலாம். கையை அதன் மேல் வைத்தேன்கூட.

எடுத்துவிட்டேன். சாப்பிடப் போனேன்.

ஜனவரி 29, வியாழன்

உணவகத்தில் கீரைக்கோசும் புகைத்த சாஸேஜும். ஹைக்கோ எதிரே உட்கார்ந்தான். கலத்தின் சன்னல் வழியாக ஒளியைப் பிரித்து, டங்ஸ்டன் எவ்வளவு என்று அளப்பது அவன் வேலை. நான் பார்க்கும் இடத்தை அந்த ஒரு சன்னலிலிருந்து மட்டும்தான் பார்க்க முடியும். கழித்தல் குறியையும் இரண்டு மடங்கையும் அவனிடம் சொல்லிவிட்டேன்.

"உன் கணக்கு சரின்னா என் அளவு பாதின்னு அர்த்தம்."

"அப்படித்தான் வருது."

"பதினேழு வருஷமா அளக்கறேன், அல்மூட்."

"நான் இருபத்திரண்டு வருஷமா கணக்குப் போடறேன். அதுல ரெண்டு வருஷம் தப்பு."

"அப்போ இருபதுன்னு சொல்லு."

சாஸேஜை முழுதும் சாப்பிட்டு முடித்தான். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது சொன்னான்: "சுவத்துல மாட்டியிருக்காங்களே, அதை என்ன பண்றதா உத்தேசம்? உன் கோட்டை மட்டும் வெட்டி மேல ஒட்டிடலாமா?"

எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கோபம் வந்தால் பேச்சு குறையும். ஹைக்கோவிடம் குறைக்க அதிகம் இருந்ததில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

ராட்கேயின் அறை. உட்காரச் சொன்னார். அது நல்ல அறிகுறி இல்லை.

"நிரல்ல ஒரு தப்பு இருந்துச்சு, திருத்திட்டேன். இப்போ போன வருஷ அளவோட ஒத்துப்போகல."

"உறையில எதைப் போடப்போறீங்கன்னு என்கிட்ட சொல்லாதீங்க. சொன்னா அது உறை இல்லை, கடிதம்."

"சொல்லல."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறுஆய்வுக் குழுவுக்கு எது பிடிக்கும்?"

"பழைய கணக்கு. எட்டு சதவீதம்."

"உங்களுக்கு?"

"புதுசு."

"அப்போ உங்களுக்கும் எனக்கும் பிரச்சினை இல்லை. உங்களுக்கும் அவங்களுக்கும்தான்." எழுந்து கதவைத் திறந்துவிட்டார். பிறகு, என்னைப் பார்க்காமல், "எனக்கும் புதுசுதான் பிடிச்சிருக்கும். ஆனா நான் இயக்குநர், எனக்குப் பிடிச்சது கணக்குல வராது" என்றார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஹிடன்ஸே தீவுக்குப் படகு ஓடவில்லை, பனிக்கட்டி. அதனால் யோர்ன் வீட்டில். படகோட்டியைக் கல்யாணம் செய்தால் கணவன் வீட்டிலிருக்கும் நாட்களை வானிலைதான் தீர்மானிக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு:

"தப்பா இருந்தப்போ சரியா வந்துச்சு. சரி பண்ணினதும் தப்பா வருது. இதுக்கா டாக்டர் பட்டம் கொடுத்தாங்க?"

"சிரிக்காத."

"சிரிக்கல. மத்த மூணு பேருக்கும் தெரியுமா?"

தெரியாது. இதை அவன் கேட்கும்வரை எனக்கே தோன்றவில்லை. அணுவைப் பின்தொடர்கிறவளுக்குப் பக்கத்து மேசை தெரியவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

மூவரிடமும் சொன்னேன். இருவர் தலையாட்டினார்கள். ஒருவன் வேலை விளம்பரங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான் என்பது திரையை அவசரமாக மூடிய விதத்தில் தெரிந்தது. இம்கே மட்டும் பேசினாள்.

"பழைய கணக்கு என்ன சொல்லுது?"

"மே மாசம் அறுபது விநாடியும் தாங்கும்."

"புதுசு?"

"தாங்காது."

"என் பொண்ணு ரெண்டாங் கிளாஸ். இந்த ஊர்லயே படிச்சு முடிப்பான்னு அவகிட்ட சொல்லிருக்கேன்." பிறகு: "நீங்க சரியானதையே போடுங்க. ஆனா அது கொஞ்சம் நல்லாவே சரியா இருக்கட்டும்."

பிப்ரவரி 17, செவ்வாய்

நல்லாவே சரியா என்றால் எத்தனை விநாடி என்று சொல்ல வேண்டும். ஒரு வாரமாக இம்கேயும் நானும் அதையேதான் செய்கிறோம்.

மே மாதம் சூடேற்றும் சக்தி இரட்டிப்பு. தட்டு உருகாமல் இருக்க, பக்கவாட்டுக் குழாய் வழியாகக் கொஞ்சம் நியான் வாயுவை ஓரத்தில் விடுவார்கள். நியானும் மாசுதான், நாமே விடும் மாசு. தன் பங்குச் சூட்டை ஒளியாக நாலாபுறமும் வீசிவிடும். ஓரம் குளிரும். ஆனால் அதே நியான் தட்டில் மோதும்போது ஹைட்ரஜனைவிடப் பலமாக மோதும், டங்ஸ்டனைக் கூடுதலாகத் தெறிக்க வைக்கும். மருந்தும் அதுதான், காயமும் அதுதான்.

எங்களுக்கு வந்த விடை: முப்பதாவது விநாடிவரை எல்லாம் நன்றாக இருக்கும். பிறகு நடுவில் டங்ஸ்டன் சேரச் சேர மங்கும். நாற்பத்தொன்றில் அணையும். நான்கு விநாடி முன்பின்.

இம்கே சும்மா ஒரு கேள்வி கேட்டாள். நியானைப் பக்கத்திலிருந்து விடாமல் தட்டுக்கு அடியிலிருந்து விட்டால்? ஓட்டிப் பார்த்தோம். ஓரம் தட்டுக்கு மிக அருகிலேயே குளிர்ந்தது. மோதலின் பலம் குறைந்தது. கீழ்நோக்கி ஓடும் வெள்ளம் கனத்தது. நழுவிப்போன அணுக்களையும் அது எட்டிப் பிடித்து இழுத்துவந்தது. அறுபது விநாடி தாங்கியது. குழாயை ஒன்றரை மீட்டர் நகர்த்தியதைத் தவிர வேறு எதையும் மாற்றவில்லை.

இம்கே அந்தப் படத்துக்குத் தேதி போட்டுச் சேமித்தாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஒட்டிக் கொடுத்துவிட்டேன். உள்ளே இரண்டே வரி. குமிழ் போன வருடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, தொடவில்லை.

ரசீது மூன்று பிரதி. 'உள்ளடக்கம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அலுவலகத்தில் குழம்பினார்கள். கடைசியில் 'காகிதம்' என்று எழுதினார்கள்.

மார்ச் 11, புதன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஆறு வாரத்துக்குப் பிறகு ஹைக்கோ முதல்முறையாகப் பேசினான். கலம் இரண்டு வருடத்துக்குப் பின் இப்போதுதான் திறந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை மூடுவார்கள். "உள்ள வந்து பாக்கறியா? விளக்கு பிடிக்க ஒரு ஆள் வேணும்." பாதுகாப்புச் சான்றிதழ் எட்டு வருடமாக என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒருநாளும் பயன்பட்டதில்லை. என் மாதிரி ஆட்கள் கலத்துக்குள் போவதில்லை. எங்களுக்கு அது எண்களால் ஆன இடம்.

வெள்ளை உடுப்பு, இரட்டைக் கையுறை, தலைமுடிக்கு வலை. ஒரு சன்னலளவு ஓட்டை வழியாக ஊர்ந்து உள்ளே போனோம். குனிந்தபடி நிற்கலாம். சத்தம் எதுவும் எதிரொலிக்கவில்லை. வளைந்து வளைந்து சுவர் கண்ணுக்கு மறைகிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்படித்தான்.

கீழே தட்டுகள், சாம்பல் நிறம். என் நிரலில் ஆயிரம் தடவை எழுதிய எண் ஒன்று உண்டு. வெளி விளிம்பிலிருந்து நூற்றுப்பன்னிரண்டு மில்லிமீட்டர். நெருப்பின் ஓரம் தட்டைத் தொடும் இடம். அந்த எண்ணை நான் நம்பினேனா என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. அங்கே ஒரு கோடு இருந்தது. விரல் அகலம், நீலமும் பழுப்பும் கலந்த நிறம். குனிந்து அளந்தேன். நூற்றுப்பதினொன்று. கோடு அந்தத் தட்டில் மட்டும் இல்லை. அடுத்ததில், அதற்கடுத்ததில், வளைவைத் தாண்டி கலம் முழுவதையும் சுற்றி ஒரு வட்டம். யாரும் வரைந்தது இல்லை.

இருபத்திரண்டு வருடம் நான் வேலை செய்துவந்த இடம் உண்மையிலேயே இருக்கிறது. இதைவிடப் பெரிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"என்ன, அழறியா?" ஹைக்கோ கேட்டான். "கண்ணீர் விழுந்தா திரும்ப எல்லாத்தையும் துடைக்கணும்."

பிறகு அவன் வேலை. ஒளி எவ்வளவு என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு விளக்கை உள்ளேயிருந்து அவன் சன்னலுக்கு நேரே பிடித்தேன். வெளியே அவன் கருவி படித்தது. கைத்திரையில் எண்ணைப் பார்த்தான். மறுபடி செய்யச் சொன்னான். மூன்றாம் முறையும்.

"விளக்கு பழசா?" என்றேன்.

"போன வாரம் வந்தது."

சன்னல் கண்ணாடியைக் கழற்றி ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்தான். கண்ணாடி தேநீர் நிறத்தில் இருந்தது. சுவரிலிருந்து கிளம்பியதெல்லாம் இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் படிந்திருக்கும் போல. மாசை அளக்கும் சன்னலை மாசே மூடிவிட்டது.

"பாதி" என்றான் ஹைக்கோ.

நான் விளக்கை அணைத்தேன்.

"சரியா பாதி. அதையாவது துல்லியமா செஞ்சிருக்கேன்."

மார்ச் 13, வெள்ளி

காரணம் தெரிந்துவிட்டது. மாசு கிளம்பாமல் இருக்க, கலத்தின் சுவருக்கு வாராவாரம் போரான் பூசுவார்கள். அப்போது சன்னலின் முன் ஒரு மூடி இறங்க வேண்டும். பூச்சு முன்பு ஞாயிறு இரவில் நடக்கும். இரண்டு வருடத்துக்கு முன் ஊழியர் மன்றத்தோடு போட்ட ஒப்பந்தப்படி ஞாயிறு வேலை நிறுத்தப்பட்டு, திங்கள் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்கு மாறியது. மூடியின் கடிகாரம் வேறு ஒரு ஒப்பந்தத்தின் கீழ் வருகிறது. அது பழையபடி திங்கள் ஏழு மணிக்குத் திறந்துகொண்டிருக்கிறது. இரண்டு ஒப்பந்தத்திலும் முறையான கையெழுத்துகள் இருக்கின்றன. திங்கள்தோறும் இரண்டு மணி நேரம் சன்னலுக்கும் போரான் பூசியிருக்கிறார்கள்.

ஹைக்கோ இரண்டு வருடத்து அளவுகளையும் திருத்தி, எல்லோருக்கும் தன் பெயரில் கடிதம் அனுப்பினான். பிறகு ஏணி கொண்டுவந்து, சுவரிலிருந்த படத்தைக் கழற்றி, சுருட்டி, என் அறையில் வைத்தான்.

"உன் கோடும் தப்பு. என் புள்ளியும் தப்பு. ஆனா என்னமா ஒத்துப்போச்சு."

திருத்திய கோட்டுக்கும் திருத்திய புள்ளிக்கும் வித்தியாசம் பதின்மூன்று சதவீதம். எட்டைவிட மோசம். இதை யாரும் ஆளுயரத்துக்கு அச்சடிக்க மாட்டார்கள். எனக்கு இதுதான் வேண்டும்.

மார்ச் 24, செவ்வாய்

நியான் குழாயைத் தட்டுக்கு அடியில் மாற்ற அனுமதி கேட்கலாமா என்று ராட்கேயிடம் கேட்டேன்.

"நீங்க இப்போ பாதி உறையைத் திறந்துட்டீங்க" என்றார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அனுமதிக்குப் பதினொரு வாரம். மே ஓட்டம் திட்டப்படியே, பக்கவாட்டு நியானோடுதான்.

"ஏன்?"

"இப்போ மாத்திட்டா, உறைக்குள்ள இருந்தது சரியா தப்பான்னு கடைசிவரைக்கும் தெரியாமப் போயிடும். அதுவும் போக, அழைப்பிதழ் அச்சாகிடுச்சு."

"எது முக்கியமான காரணம்?"

"அதுக்கு இன்னொரு உறை வேணும்."

ஏப்ரல் 30, வியாழன்

தூக்கம் சரியில்லை. பதின்மூன்று சதவீதத்துக்குள் எத்தனை தவறு ஒளிந்திருக்கும்? ஒன்றைக் கண்டுபிடித்தவளுக்கு ஒன்றுதான் இருந்தது என்று யார் சொன்னது? இம்கேயின் மகள் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். குண்டம்மாவைப் படமாக வரைந்து கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். கால்கள் இருக்கின்றன.

மே 6, புதன்

காலை பதினொன்றுக்கு ஓட்டம். கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் மாநிலத் தலைநகர் ஷ்வெரினிலிருந்து வந்த அரசுச் செயலர், அவருடைய ஆட்கள், மறுஆய்வுக் குழுவின் ஐந்து பேர், தட்டில் ரொட்டித் துண்டுகள்.

திரையில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் தோன்றியது. வந்தவர்கள் வாய்விட்டு வியந்தார்கள். நியாயம்தான். ஆனால் அவர்கள் பார்த்தது ஓரத்தை மட்டும். நடு கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் கடந்த சூடு அது. அதனால் நடுவில் இருட்டுப்போல் இருக்கும். ஒளிர்வதெல்லாம் குளிர்ந்த விளிம்புதான், சில சென்டிமீட்டர். என் ஆயுளில் பாதி அந்தச் சில சென்டிமீட்டரில் போயிருக்கிறது.

பத்து. இருபது. எல்லாம் நேர்கோடு. முப்பது. ஒருவேளை தாங்கிவிடுமோ? தாங்க வேண்டும் என்று இந்த அறையில் எல்லோரும் நினைக்கிறார்கள். தாங்கக் கூடாது என்று நினைக்கும் ஒரே ஆள் நான். இம்கேயையும் சேர்த்தால் இருவர். இப்படி நினைப்பதற்கா இந்த வேலைக்கு வந்தேன்?

முப்பத்து மூன்றில் ஹைக்கோ, திரையிலிருந்து கண்ணெடுக்காமல், "ஏறுது" என்றான்.

ஏறியது. நான் பிப்ரவரியில் பார்த்த அதே வளைவு. முதலில் தயக்கம், பிறகு வேகம். நாற்பது. நாற்பத்தொன்று. இன்னும் இருந்தது. நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்றில் வளையம் ஒருமுறை சுருங்கி, பாதுகாப்பு அமைப்பு மெதுவாகச் சக்தியை இறக்க, அணைந்தது. கலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கைதட்டல் வந்தது. முடிந்ததால், முடிய வேண்டிய நேரத்தில்தான் முடிந்தது என்று அரசுச் செயலர் நினைத்துவிட்டார். யாரும் திருத்தவில்லை.

பன்னிரண்டு மணிக்கு உறையைப் பிரித்தார்கள். ராட்கே படித்தார்: "நாற்பத்தொன்று, நான்கு முன்பின். நியானைத் தட்டுக்கு அடியிலிருந்து விட்டால் அறுபது தாங்கும்." மறுஆய்வுக் குழுவிலிருந்த ஒரு பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அந்த ரெண்டு விநாடி வித்தியாசம் எப்படி வந்துச்சு?"

கழிவறையில் போய் உட்கார்ந்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. குளிர்காலத்தில் பொய் அணுக்கள் போன பாதையில், இன்று காலை உண்மை அணுக்கள் போயிருக்கின்றன. அவற்றிடம் யாரும் வழி சொல்லவில்லை. அவை என் நிரலைப் படித்ததில்லை. இரண்டு இடத்திலும் ஒரே ஒழுங்கு இருக்கிறது, அதை எழுதிவைக்கவும் முடிகிறது, எழுதினால் அது மே மாதத்தில் நடக்கவும் செய்கிறது. எப்படி? ஏன் அப்படி இருக்க வேண்டும்? இந்தக் கேள்வி எனக்கு முப்பது வயதில் வந்திருக்க வேண்டியது. அப்போது குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன்.

மே 7, வியாழன்

இம்கே: "மூணாங் கிளாஸும் இங்கதான்னு பொண்ணுகிட்ட சொல்லிடவா?"

சொல்லச் சொன்னேன்.

ஜூன் 2, செவ்வாய்

மறுஆய்வுக் குழுவின் கடிதம். 'மாதிரிக் குழுவின் தொடர்ச்சிக்கு எதிராகப் போதிய காரணங்கள் காணப்படவில்லை.' ஸ்ட்ரால்சுண்ட்காரர்களுக்கு இது கவிதை. யோர்ன் இரண்டு முறை படித்துவிட்டு, "இவ்வளவு புகழ்ந்தா தலைக்கனம் வந்துடும்" என்றான்.

ஜூன் 18, வியாழன்

குழாய் மாறிவிட்டது. நியான் இப்போது தட்டுக்கு அடியிலிருந்து. இந்த முறை விருந்தினர் இல்லை, ரொட்டியும் இல்லை. அறுபது விநாடி. முழுதாக.

எல்லாம் கணக்குப்படி. ஒன்றைத் தவிர. இருபத்திரண்டாவது விநாடியில், கலத்தின் உள்பக்கத் தட்டுக்கு மேல், மெல்லிய நீல ஒளி ஒன்று வந்து நின்றது. கடைசிவரை இருந்தது. என் படங்களில் அந்த இடம் வெறும் கறுப்பு.

"இது உன் கணக்குல இருக்கா?" என்றான் ஹைக்கோ.

"இல்லை."

"அப்போ என்னது?"

"தெரியல."

மணி நாலு ஆகியிருந்தது, வீட்டுக்குப் போகும் நேரம். லூபெர்ட் மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார், பிறகு அதைக் கழற்றினார். ஹைக்கோ இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அந்த அறுபது விநாடியை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். பிறகு இன்னொரு முறை.